குன்னூரில் நாங்கள் ரசித்த மழை

எஸ்தருக்கு,

பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்கு அம்மா கடிதம் எழுதுவது உனக்கு விநோதமாகத்தான் இருக்கும். பேசிவிடலாம் என்று இந்த வாரம் முழுவதும் உன் அறை வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பினேன். நீ கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாய். நான் வாயைத் திறந்தால் முதல் வார்த்தையிலேயே அழுதுவிடுவேன், நீ எழுந்து போய்விடுவாய். நம் இருவருக்கும் இது பழகிப்போன ஒன்று. காகிதத்தில் எழுதினால் நான் அழுதாலும் உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் இதைப் படித்துவிடு. படித்த பிறகு நீ எந்த முடிவுக்கு வந்தாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெயராஜ் நம் வீட்டுக்கு வந்தது நல்ல மனதோடுதான். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "கல்யாணம் முடிஞ்சதும் நாலு நாள் கொடைக்கானல் போய்ட்டு வரலாம்னு இருக்கோம் ஆன்ட்டி. டிசம்பர்ல அங்க குளிர் ஜோரா இருக்கும்" என்று சிரித்தார். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு நம் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. உன்னோடு பிறந்து வளர்ந்த ஒரு தம்பி இருந்தான் என்பதுகூடத் தெரியாது. நீ அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாய்: "எங்கம்மாவும் கல்யாணம் பண்ணிக்கிட்டு மலைக்குத்தான் போனாங்க. என் தம்பியத் தண்ணி அடிச்சிட்டுப் போனப்ப ரெண்டு பேரும் குன்னூர்ல நெருப்பு காஞ்சிட்டு இருந்தாங்க. எனக்கு மலையும் வேணாம், குளிரும் வேணாம்." அதோடும் நிற்கவில்லை. "சர்ச்சுக்குள்ள என் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறது ரூபி அத்தை வீட்டு மாமாதான். இவர் இல்ல" என்று என் வீட்டுக்காரரைக் கை காட்டினாய். அவர் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுப் பக்கம் போனார். உன் வாயில் ஒருநாளும் அப்பா என்று வராத அந்த மனிதரை இந்தக் கடிதத்தில் நானும் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

நீ சொன்னதில் பொய் இல்லை. நாங்கள் நெருப்பு காய்ந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் எட்டு வயதில் உன் காதில் விழுந்த ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நீ இருபத்திரண்டு வயதுக்கு வந்துவிட்டாய். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் உனக்குச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

உன் அப்பா டைபாய்டில் போனபோது உனக்கு ஐந்து வயது, உன் தம்பி தானி கைக்குழந்தை. எனக்கு ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை இருந்ததால் யாரிடமும் கையேந்தாமல் இந்த காக்ஸ் டவுன் வீட்டிலேயே காலம் தள்ள முடிந்தது. அவரை ஆலயத்தில் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையில் ஃபிட்டர், அதிகம் பேசாதவர். தானியை சைக்கிள் பாரில் உட்கார வைத்து ஆலயத்தைச் சுற்றி ஓட்டுவார். அவன் அவரை 'சைக்கிள் மாமா' என்று கூப்பிடுவான். அவர் என்னைக் கேட்டபோது உன் அப்பா வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒரே ஒருத்தியைத் தவிர. உன் அப்பாவின் அக்கா ரூபிதான் ரயிலேறி வந்து என் பக்கம் நின்றாள். "என் தம்பி போயிட்டான்னா இவளும் கூடவே போயிடணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். கல்யாணம் முடிந்ததும், "நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயி நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வாங்க. புள்ளைங்கள நான் ஊருக்கு அழைச்சிட்டுப் போறேன், கிறிஸ்துமஸுக்குக் கொண்டாந்து விடுறேன்" என்று சொன்னதும் அவள்தான். வேதாரண்யம் போகும் வழியில் இருக்கும் அந்தக் கடலோர ஊரில் அவள் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கடல் பார்க்கப் போகிறோம் என்று கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் நீயும் தானியும் குதித்த குதி எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ரயில் புறப்படும்போது அவன் ஜன்னல் கம்பியில் நாக்கை வைத்து நக்கினான் என்று திட்டினேன். என் பிள்ளையிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தத் திட்டுதான்.

குன்னூரில் அவருடைய நண்பர் ஒருவர் எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தார். அந்த நண்பர் லீவில் ஊருக்குப் போனதால் குவார்ட்டர்ஸ் சாவியை எங்களிடம் கொடுத்திருந்தார். ஓடு வேய்ந்த இரண்டு அறை, குளிர்காய ஒரு கணப்பு, முன்னால் சிறிய வராந்தா. எஸ்தர், நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. காலையில் எழுந்தால் புல் நுனியெல்லாம் பனியில் வெளுத்துக் கிடக்கும். பேசினால் வாயிலிருந்து புகை வரும். அதைப் பார்த்துப் பார்த்து நான் பள்ளிக்கூடப் பெண் மாதிரி சிரித்தேன். வெயில் ஏறியதும் வராந்தாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் யூகலிப்டஸ் வாசனை வரும். மூன்று வருஷமாக விதவை என்ற ஒரு பெயரைத் தவிர வேறு பெயரில்லாமல் இருந்தவளை, ஒருவர் குளிருக்கு அடக்கமாக ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டு, "போதுமா? இன்னும் குளிருதா?" என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்துக்காக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பிறகு மேகம் வந்தது. ஒரு பகல் முழுவதும் மலை கண்ணிலேயே படவில்லை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பெரிய காற்றெல்லாம் இல்லை, நின்று நிதானமாகப் பெய்த மழை. கதவை அடைத்துக்கொண்டு கணப்பில் விறகு போட்டோம். அவர் உருளைக்கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுட்டுக் கொடுத்தார். மறுநாளும் மழை. வெளியே போக வேண்டிய வேலை இல்லை, யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. "இந்த மழை இன்னும் ரெண்டு நாள் நிக்காம பெய்யட்டும்" என்று நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். எங்களுக்குக் கூரைமேல் தாலாட்டுப் போல் விழுந்த அந்த மழை கீழே கடற்கரையை அடித்து நொறுக்கிவிட்டு வந்த புயலின் வால் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே வீட்டுக் கூரைகளைப் பிய்த்துப்போட்ட அதே மேகம் எங்களிடம் வரும்போது சாதுவாகிவிட்டிருந்தது. நான் அதை இன்னும் கொஞ்சம் பெய்யச் சொல்லி ஆசைப்பட்டேன். வெகு காலம் தேவன் என் வார்த்தையைக் கேட்டுத்தான் அப்படிச் செய்துவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த மாதிரி ஒரு கணக்கு ஏதாவது தேவைப்படுகிறது.

மழை விட்ட அன்று வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த கம்பவுண்டர் வேலிக்கு அந்தப் பக்கம் பேப்பரோடு நின்றுகொண்டு, "சார், தஞ்சாவூர் ஜில்லாவுல பெரிய புயலாமே, பாத்தீங்களா? கடல் ஊருக்குள்ள வந்துடுச்சாம்" என்றார். "கடல்னா எந்தப் பக்கம்?" என்று இவர் கேட்டார். கம்பவுண்டர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேதாரண்யம் பக்கம் தந்தியே போகலையாம் சார்" என்றார். நான் கையில் பால் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உள்ளே போய் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு" என்றார். அடுப்பில் உலை இருந்தது, துணி கொடியில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் மண் சரிந்து கிடந்தது. கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று எந்த ரயில் கிடைத்ததோ அதில் ஏறி நின்றுகொண்டே போனோம். திருவாரூருக்கு மேல் தண்டவாளம் இல்லை என்று இறக்கிவிட்டார்கள்.

ஏன் உன்னைத் தேடி நான் வரவில்லை என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. ஆனால் உன் மனதில் அந்தக் கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் வருவேன் என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரியில் ஆண்களை மட்டும்தான் ஏற்றினார்கள், அதுவும் பாதி தூரம்தான் போகும், அதற்கு மேல் நடை. "புள்ளைங்கள வேற வழியா யாராவது இங்க கொண்டாந்தா யார் இருப்பா? நீ இங்கயே இரு. நான் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி என் கையைப் பிரித்துவிட்டுப் போனார். ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளைத் தங்க வைத்திருந்தார்கள். அங்கே கஞ்சி ஊற்றும் வேலையை வாங்கிக்கொண்டேன். சும்மா உட்கார்ந்தால் செத்துப்போயிருப்பேன். வந்தவர்கள் யாரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தட்டை நீட்டுவார்கள், வாங்கிக்கொள்வார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் ரூபி அத்தை ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒரு பெரியவர் மட்டும், "அங்க இப்ப ஊருன்னு ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். உன்னை ஒரு சாக்குத் துணியில் சுற்றித் தோளில் போட்டிருந்தார். உன் கையும் முகமும் தாழம்புதர் கிழித்த கோடுகளாக இருந்தன. அவருக்குப் பின்னால் ரூபி அத்தையும் மாமாவும் வந்தார்கள். நான் அவர்களுக்கும் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடியற்காலையில் கடல் ஏறி வந்ததும், பள்ளிக்கூட மச்சுக் கட்டடத்துக்கு நீங்கள் நாலு பேரும் ஓடியதும், பாதி வழியில் தண்ணீர் உங்களைப் பிரித்ததும், நீ தாழம்புதரில் சிக்கிப் பிழைத்ததும் எல்லாம் பிறகு மாமா சொல்லித்தான் கேட்டேன். அவர்கள் வந்து நின்ற அந்த நிமிஷம் ரூபி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் இன்னும் அந்த ஸ்வெட்டரில்தான் இருந்தேன். "மலையில சொகமா இருந்துட்டு வந்தியாடி?" என்று கேட்டாள். எனக்காக எல்லோரையும் எதிர்த்து நின்ற அதே ரூபி. நீ அவர் தோளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். உன்னை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டியபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

உன்னை என்னிடம் சேர்த்துவிட்டு அவர் மறுபடி அங்கே போனார். இது உனக்குத் தெரியாது, உனக்கு அப்போது நினைவு தப்பிய காய்ச்சல். தானியைத் தேடிப் போனார். புதைப்பதற்காக வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளில் ஒருவரையும் விடாமல் முகத்தைப் பார்த்திருக்கிறார். உப்பங்கழி ஓரமெல்லாம் தேடியிருக்கிறார். திரும்பி வந்தபோது அவருடைய கால் வீங்கி, ஷூவைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தோம். தானி கிடைக்கவில்லை. அங்கே என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் மீன் சாப்பிடுவதில்லை. அவருக்கு வாசனை பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அவர் சைக்கிளில் நீ ஏற மாட்டாய். நீ முன்னால் நடந்து போவாய், அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னால் வருவார். பள்ளிக்கூட கேட்டுக்குள் நீ போன பிறகுதான் ஏறி வேலைக்குப் போவார், லேட்டாக வந்ததற்காக அங்கே பேச்சு கேட்பார். சாயங்கால மழை பெரிதாகப் பிடித்துக்கொண்டால் நீ கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்வாய். அவர் உன் அறை வாசலில் வந்து உட்காருவார். "அவரப் போகச் சொல்லுங்கம்மா" என்று கத்துவாய். அவர் எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். மழை விடும் வரைக்கும் அங்கேயே இருப்பார். நீ வளர்ந்தாய், கட்டிலுக்கு அடியில் போவதை நிறுத்தினாய். ஆனால் அவரிடம் நேராகப் பேசுவது என்பது மட்டும் வரவே இல்லை. அப்பா இடத்தில் இன்னொருவர் வந்த கோபம் என்றுதான் நான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று ஜெயராஜ் போன பிறகு நான் உன் அறைக்குத்தான் கிளம்பினேன். இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததையெல்லாம் உன் தலையில் கொட்டிவிடுவது என்று கிளம்பினேன். பின்கட்டிலிருந்து அவர் வந்து வழியை மறித்துக்கொண்டார்.

"எங்க போற?"

"அவள நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன். உங்களுக்காக இல்ல, எனக்காக."

"அவளப் பேஜார் பண்ணாத. கல்யாணப் பொண்ணு."

"நீங்க அவளுக்கு என்ன பாவம் பண்ணீங்க?"

அவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு அவளத் தோள்ல தூக்கிட்டு வந்தேன் இல்ல, வழியில என் காதுல ஒண்ணு சொன்னா" என்றார். "'மாமா, தம்பி கையப் புடிச்சுக்கோ, விட்டுடாதேன்னு அத்தை சொன்னாங்க. நான் விட்டுட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு சொன்னா. சொல்லமாட்டேம்மான்னு சொன்னேன்."

"இத்தன வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையே" என்றேன்.

"புள்ளைக்குக் குடுத்த வாக்கு."

"அவ உங்கள அப்படி வெறுத்தாளே."

"வெறுத்துட்டுப் போகட்டும். அவளுக்கு யார் மேலயாவது கோவம் இருக்கணும். எங்கயும் போக வழியில்லன்னா அவ மேலயே திரும்பிடும். என் மேல இருந்தா எனக்கென்ன கொறஞ்சு போச்சு?" என்று சொல்லிவிட்டு, "நீ அவகிட்ட இதப் பேசக் கூடாது" என்றார். நான் அவரிடம் எதற்கும் மறுத்துப் பேசியவள் இல்லை. இந்த ஒன்றில் அவரை மீறுகிறேன். தெரிந்தால் என்னைக் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த வார்த்தை உனக்கு நினைவிருக்கிறதா, காய்ச்சலோடு போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. நினைவில்லாவிட்டால் ஆறிப்போன புண்ணை நான் கீறிவிட்டேன். ஆனால் உனக்கு மறக்கவில்லை என்றுதான் என் மனதுக்குப் படுகிறது. மறந்தவள் கொடைக்கானல் என்ற ஒரு பேச்சுக்கு அப்படி வெளிறிப்போக மாட்டாள். ரூபியும் உன்னிடம் அந்தக் கையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். ஒருவேளை அவளும் தெரிந்தேதான் அந்தப் பழியைத் தூக்கி என் மேல் போட்டாளோ என்று இந்த வாரம் முழுவதும் யோசிக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்லி ஓட வைத்தவள் அவள்தானே, அவளுக்கு மட்டும் தூக்கம் வந்திருக்குமா? ஆளுக்கொரு மூலையில் ஒன்றை மூடி வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். நீ உன் வீட்டில் அப்படிச் செய்யாதே. ஜெயராஜிடம் தானியைப் பற்றிச் சொல். எல்லாவற்றையும் சொல். கேட்டுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, உன் வாயால் நீ ஒருதரம் சொல்வதுதான் முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ ஒரு இடத்தில் சிரித்துக்கொண்டு இருக்கும்போது வேறொரு இடத்தில் யாருக்காவது கூரை பிய்ந்துகொண்டுதான் இருக்கும். உன் ஆயுசு முழுவதும் அப்படித்தான். அதற்காகச் சிரிக்காமல் இருந்து யாரையும் காப்பாற்ற முடியாது, நான் வருஷக்கணக்காக இருந்து பார்த்துவிட்டேன். செய்தி வந்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புகிற ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். நீயும் அப்படி இரு.

யார் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் வருவது என்பது உன் விருப்பம். இதைச் சொல்லி உன்னை மடக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. மாமாவும் நல்லவர்தான். நம் வீட்டில் இருக்கும் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார், அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் இதை எழுதியது அதற்காக இல்லை.

இந்த வருஷமும் எனக்கு மூன்றாம் வகுப்புதான் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் எட்டு வயசுப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பாடம் நடத்த முடியாமல் அந்தப் பெண் பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலேட்டைத் துடைக்கிற கை, பின்னலைத் திருகுகிற கை. நேற்று வகுப்புக்குக் குடிதண்ணீர் கொண்டுவர ஒருத்தியை அனுப்பினேன். குழாயடியிலிருந்து வாளியைத் தூக்க முடியாமல் தூக்கி, பாதி வழியில் கீழே வைத்துவிட்டு, இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பாதித் தண்ணீரைச் சிந்திக்கொண்டே வந்தார்கள். வந்ததும் கைப்பிடி அழுத்திச் சிவந்துபோன உள்ளங்கையை என்னிடம் காட்டினாள். நான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. இவ்வளவுதான் இருந்தாய் நீ, எஸ்தர்.

அம்மா